இரவுப் பள்ளி முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், இம்மலரின் பக்கங்களை வாழ்த்துரைகள் பல அணி செய்யும். வாழ்த்தும் பணியைச் சான்றோர் பெருமக்களிடம் விட்டுவிட்டு, நம் மக்கள் எவ்வெவ்வழிகளில் கல்வியைத் தேடிப் பெற்றனர் என்னும் வரலாற்றை இளைஞர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. பள்ளியை இடையில் விட்டவர் நம் தெருக்களில் உள்ளனர். பட்டம் பெற்றும் தக்க வேலை கிட்டாதவரும் உள்ளனர். "படித்து என்ன கண்டோம்?" என்னும் குரல் பெற்றோரிடையே கேட்கத் தொடங்கியுள்ளது. மறுபுறம், "வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம்" என்று சுவரெங்கும் விளம்பரங்கள் அழைக்கின்றன. இவற்றுள் எது உண்மையான வாசல், எது சுவரில் தீட்டிய வாசற்படம் எனப் பகுத்தறிய வேண்டும். அதற்கு வரலாறு நல்ல துணையாகும்.

சேரிக்கு வந்த பள்ளி

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதி வரையில், ஊர்ப் பள்ளியின் திண்ணை நம் குழந்தைகளுக்கு எட்டாத இடமாகவே இருந்தது. கிறித்தவ மறைப்பணியாளர்களின் பள்ளிகளே பல இடங்களில் முதல் எழுத்தைக் கற்பித்தன. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை விரித்துரைத்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாக நில வழங்கீட்டு ஆணை 1892இல் வந்தது. அடுத்து, 1893 பிப்ரவரியில், நம் மக்களுக்கான பள்ளிகளுக்குச் சிறப்பு உதவிகள் அளிக்கும் கல்வி ஆணையைச் சென்னை அரசு பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார்.

இவையெல்லாம் பிறர் இரங்கிக் கொடுத்தவை மட்டுமே என எண்ணுதல் பிழையாகும். பண்டிதர் அயோத்திதாசரும், 1893இல் இதழ் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனாரும் இடைவிடாது கேட்ட குரல் அவற்றின் பின்னே இருந்தது. பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்று அக்குரலை அங்கே ஒலித்தார். 1920ஆம் ஆண்டையொட்டி அமைந்த தொழிலாளர் ஆணையர் துறை, நம் குடியிருப்புகளில் பள்ளிகளைத் திறந்தது. மூத்தோர் அவற்றை "லேபர் ஸ்கூல்" என்றே அழைத்தனர். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடி அவையே.

விளக்கொளியில் கற்றோர்

பள்ளி வந்தது, ஆனால் பகல் நமக்கு உரியதாக இல்லை. ஆடு மாடு மேய்க்கும் சிறுவனுக்கும், நாற்று நடும் சிறுமிக்கும், ஆலைக்குச் செல்லும் இளைஞனுக்கும் பகற்பொழுது கூலிக்கு விற்கப்பட்டதாகும். ஆகவே இரவுப் பள்ளி தோன்றிற்று. அருந்ததியர் மக்களின் தலைவரான எல்.சி. குருசாமி அவர்கள் சென்னையில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து, பகலெல்லாம் உழைத்த கைகள் சிலேட்டைப் பிடித்தன. கற்போனின் நேரத்திற்கு ஏற்பக் கல்வி வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை இன்று பெரிய கல்வியறிஞர்கள் எழுதுகின்றனர். நம் முன்னோர் அதனை நடைமுறையிலே செய்து காட்டினர்.

இக்கருத்தைக் கல்லூரி அளவிற்கு உயர்த்தியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946இல் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் வகுப்புகள் காலை வேளையில் நடத்தப்பட்டன. காலையில் பாடம் கேட்ட மாணவன், பகலில் அலுவலகத்திற்குச் சென்று ஊதியம் ஈட்ட முடிந்தது. நேரத்தில் சலுகை உண்டு; பாடத்திலோ தேர்விலோ சலுகை இல்லை. இதனை இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். அண்ணல் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிருவாக அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தார். மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்திய படிப்புக்கான உதவித்தொகை 1944இல் தொடங்கியதும், வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான அமைப்பு 1945இல் உருவானதும் அக்காலத்திலேயே ஆகும். கல்வியும் வேலையும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பது அவர்தம் செயலால் விளங்கும்.

அரைநாட் பள்ளி தந்த பாடம்

நேரத்தைத் தளர்த்தும் திட்டம் எதுவாயினும் நமக்கு நன்மையே என்று கருதிவிடலாகாது. 1953 ஜூன் மாதம், இராசாசி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய முறை புகுத்தப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் கற்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்பர். ஆசிரியரும் கட்டடமும் போதாத நிலையில் இருமடங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசு தரப்பின் வாதம்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் நம் தெருவில் நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். தச்சர் மகனுக்கு உளியும், நெசவாளர் மகனுக்குத் தறியும் காத்திருக்கும். பண்ணையாள் மகனுக்குக் காத்திருப்பது எது? தோட்டியின் மகன் எஞ்சிய அரைநாளில் எதனைக் கற்பான்? தந்தையை எந்த இடத்தில் சாதி நிறுத்தியதோ, அதே இடத்தில் மகனையும் நிறுத்தும் ஏற்பாடாகவே அது முடிந்திருக்கும். ஆகவே தந்தை பெரியாரும், திராவிட இயக்கத்தாரும், காங்கிரசுக் கட்சியினர் பலரும் கூட அதனை எதிர்த்தனர். "குலக்கல்வித் திட்டம்" என்னும் பெயர் அதற்கு நிலைத்தது. காமராசர் முதலமைச்சரான பின்னர், 1954 மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவரே 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி, பிள்ளைகள் முழுநாளும் பள்ளியில் தங்குமாறு செய்தார்.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. இரவுப் பள்ளியும் அரைநாட் பள்ளியும் பள்ளி நேரத்தை மாற்றியவையே. முன்னது கற்றவனை அடுத்த படிக்கு ஏற்றிற்று. பின்னதோ பிறந்த படியிலேயே அவனை இருத்த முயன்றது. எந்தப் புதிய படிப்பைப் பற்றிக் கேள்வியுற்றாலும், "இதை முடித்தால் அடுத்து எந்தக் கதவு திறக்கும்?" என்று கேளுங்கள். விடை இல்லையெனில் விலகி நில்லுங்கள்.

அஞ்சலில் வந்த பல்கலைக்கழகம்

1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழகத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் இறங்கின. இங்கிலாந்தில், முன் தகுதி கேளாமல் எவரையும் சேர்க்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதனையொத்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. பள்ளிக் கல்விக்கென 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவப்பட்டது. எழுத்தராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிக்கொண்டே, இரவில் அஞ்சற்பாடங்களைப் படித்துப் பட்டமும் பதவி உயர்வும் பெற்றோர் நம் சமுதாயத்தில் பலராவர்.

ஆயினும் இங்கே ஒரு பள்ளமும் உண்டு. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ தேறாமல், நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றோர் முன்பு மிகுதியாக இருந்தனர். அடிப்படைத் தகுதியின்றிப் பெறும் இத்தகைய பட்டம் செல்லாது என்னும் கருத்தில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே, பள்ளியிறுதித் தேர்வும் மேல்நிலைத் தேர்வும் தேறாது நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது எனத் தமிழக அரசு ஆணையிட்டது. கூலி வேலைக்கிடையே மூன்றாண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர், சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படும் துயரத்தை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இடையில் நின்றவர்கள் வரிசை தவறாமல் ஏறுதல் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்வையும், பத்தாம் வகுப்புத் தேர்வையும், மேல்நிலைத் தேர்வையும் தனித்தேர்வராக எழுத இடமுண்டு. பின்னரே பட்டப்படிப்பு. அதிலும், சேரவிருக்கும் படிப்புக்கு அவ்வாண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்று பணம் கட்டுமுன் பார்த்தல் இன்றியமையாதது. சென்ற ஆண்டு இருந்த ஒப்புதல் இவ்வாண்டு இல்லாமற் போதலும் உண்டு.

கைத்திறனும் சான்றிதழும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. பட்டம் மட்டும் கையில் இருந்து, செய்யத் தெரிந்த தொழில் ஒன்றும் இல்லையெனில் அப்பழமொழி நம்மையே சுட்டும். ஆனால் ஏடு இல்லாத சுரைக்காய்க்கும் சந்தையில் உரிய விலை கிடைப்பதில்லை. நம் பொதட்டூர்பேட்டையோ விசைத்தறிகளின் ஊர். தறியின் ஓசையைக் கேட்ட அளவிலேயே கோளாறு எங்கே என்று சொல்லவல்ல தொழிலாளர் நம் வட்டாரத்தில் உள்ளனர். எனினும் ஊரைவிட்டு வெளியே சென்றால், அத்திறனுக்குச் சான்றாகக் காட்ட அவர்களிடம் ஒரு தாள் இல்லை. 2015 முதல் நடைபெறும் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில், முன்பே கற்ற தொழிலைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை சேர்க்கப்பட்டது. அனுபவம் உள்ளவர்கள் இத்தகைய வாய்ப்பு அருகில் வரும்போது தவறவிடலாகாது.

இளையோருக்கு உறுதியான வழி தொழிற்பயிற்சி நிலையம், அதாவது ஐ.டி.ஐ. ஆகும். இதற்கு அடிப்படையான கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கிற்று. பயிற்சி பெற்றோரைத் தொழிற்சாலைகள் உதவித்தொகையுடன் பழகுநராக ஏற்க வேண்டும் என்னும் சட்டம் 1961இல் வந்தது. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர் முதலிய பிரிவுகளில் பயின்றவர் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. உரிய பிரிவில் ஐ.டி.ஐ. தேறியவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ தேறியவர் பொறியியற் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்பு முடித்துப் பட்டறைக்குள் நுழைந்த ஒருவர் பொறியாளராக வெளிவரும் பாதை இது. நாம் மேலே கூறிய அளவுகோலுக்கு இப்பாதை முற்றிலும் பொருந்துகிறது.

தட்டச்சையும் இகழ்தல் வேண்டா. கணினி வந்த பின்னும், அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ், ஆங்கிலத் தட்டச்சில் தேறியவருக்கே அரசுப் பணியில் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகள் உரியன. ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமாகிய தாட்கோ 1974 முதல் இயங்கி வருகிறது. அதன் வாயிலாக அளிக்கப்படும் திறன் பயிற்சிகளையும் உசாவி அறிதல் நன்று. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெற மாதம் 1000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022இலும், ஆண்களுக்கான திட்டம் 2024இலும் நடைமுறைக்கு வந்தன. ஐ.டி.ஐ. பயில்வோருக்கும் இவை உண்டு.

எல்லையில் வாழ்வோரின் செல்வம்

நம் திருத்தணிப் பகுதி 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ. சிவஞானம் அவர்கள் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் அவர்களின் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்திற்குத் திரும்பிற்று. அந்த இழுபறி நமக்கு விட்டுச் சென்ற செல்வம் இருமொழிப் பழக்கம். தமிழும் தெலுங்கும் பேசும் இளைஞர், திருப்பெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் செல்லலாம்; எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டித் தொழில் நகரத்திற்கும் செல்லலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கிய பின் அவ்வட்டாரமே மாறிவிட்டது. ஆனால் அங்கே பயிற்சிச் சான்று உள்ளவர் நிலையான பணிக்கு முயல, அது இல்லாதவர் ஒப்பந்தப் பணியிலேயே இளமையைக் கழிக்கும் நிலையைக் காண்கின்றோம். தெலுங்கு வழியில் பயின்றோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்க: 2021இல் வந்த அரசாணைப்படி, தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாளில் தேறுதல் கட்டாயமாகும்.

இளைஞர்களே! திருத்தணி மலைக்குப் படிகள் 365. வண்டி செல்லும் பாதையும் உண்டு. எவ்வழிச் சென்றாலும் உச்சி ஒன்றே. ஆனால் கோயிலுக்குள் நுழையும் உரிமையைச் சட்டம் நம் மக்களுக்கு உறுதி செய்ததோ 1947இல்தான் என்பதையும் மறவாதீர்கள். கல்வியின் வாசல்களும் அவ்வாறு கேட்டுப் பெற்றவையே. முழுநேரப் பள்ளி முதல் வழி. இயன்றவர் அதனைக் கைவிடலாகாது. இயலாதவருக்கு இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் உள்ளன. வயது கடந்துவிட்டது என்று எவரும் சோர்தல் வேண்டா.

நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு சிறு பணியைத் தவறாது மேற்கொள்ள வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் மே மாதத்தில் நம் தெருக்களில் வீடு வீடாகச் சென்று, படிப்பை இடையில் விட்டவர் யார், எந்த வகுப்பில் விட்டார், கைத்தொழில் என்ன அறிவார் என ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, அவருக்குரிய அடுத்த படி எது என்று குறித்தல் வேண்டும். அடுத்த மே மாதம் அதே வீட்டுக்குச் சென்று, அப்படியில் அவர் ஏறினாரா எனக் கேட்டல் வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கேற்றிப் பாடம் நடத்திய முன்னோருக்கு நாம் செலுத்தும் நன்றி அப்பதிவேடே ஆகும்.