பெயரை எழுதுவது யார்?

வாக்குரிமை இருக்கிறதே, பிறகென்ன என்று நம்மிடம் கேட்கிறார்கள். வாக்குச்சீட்டில் வரும் பெயரை முடிவுசெய்தது யார் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அப்படிக் கேட்ட வரலாறு இது.

அங்கே அதிபர் வேட்பாளரைக் கட்சியின் தேசிய மாநாடு தேர்ந்தெடுக்கிறது. மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்புவது மாநிலக் கட்சிகள். தென்மாநிலங்களில் அந்தக் கதவு வெள்ளையருக்கு மட்டுமே திறந்தது. கட்சி ஒரு தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது தன் விருப்பம் என்றது டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அதன் முதல்கட்டத் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்க முடியாது. அந்தத் தடையை உச்ச நீதிமன்றம் 1944இல் ரத்து செய்தது.

மிசிசிப்பியில் வேறு வழி. அங்கே வட்டார அளவிலான கட்சிக் கூட்டங்களில் தொடங்கி, படிப்படியாக மாநில மாநாடு வரை சென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். 1964இல் அந்தக் கூட்டங்களுக்குப் போன கறுப்பின மக்கள் பல இடங்களில் வெளியே நிறுத்தப்பட்டனர். எனவே அவர்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைக் கட்டினர். எல்லோருக்கும் திறந்த கூட்டங்களை நடத்தித் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்குச் சென்றனர்.

அவர்களில் ஒருவர் ஃபானி லூ ஹேமர். பருத்தித் தோட்டக் கூலி. வாக்காளராகப் பதிய முயன்றதற்காகத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர், பின்னர் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர். அதை அவர் மாநாட்டுக் குழுவின் முன் சொன்னபோது, தொலைக்காட்சியைத் தன் பக்கம் திருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆனால் அன்றிரவே ஹேமரின் பேச்சு நாடெங்கும் ஒளிபரப்பானது.

கட்சித் தலைமை இரண்டு இடங்களைத் தர முன்வந்தது. அதில் யார் உட்காருவது என்பதையும் அதுவே முடிவுசெய்தது. அவர்கள் மறுத்துவிட்டனர். இனப் பாகுபாடு காட்டும் மாநிலக் குழுக்களை 1968 முதல் ஏற்பதில்லை என்று கட்சி வாக்களிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய குழு நிராகரிக்கப்பட்டது. புதிய குழுவில் ஹேமர் அமர்ந்தார்.

இது நமக்கு அந்நியக் கதை அல்ல. 1932 பூனா ஒப்பந்தத்தில், தனித்தொகுதிக்கான நான்கு வேட்பாளர்களை ஒடுக்கப்பட்ட மக்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல் இருந்தது. அதற்கும் 10 ஆண்டுகள்தான் கெடு. இன்று தனித்தொகுதி இருக்கிறது; அதில் நிற்பவரைக் கட்சித் தலைமைகள் முடிவுசெய்கின்றன.

இடம் கொடுக்கிறோம் என்பவர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்துக்குரியவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதைத்தான்.