முழங்கால் காயத்துக்குப் பின் நெகிழ்வு மீட்பு: பழவேற்காட்டு மீனவ ஊர்கள்

சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஆழம் குறைந்தது என்பதால், அதன் கரையோர ஊர்களில் மீன்பிடிப்பின் கணிசமான பங்கு சேற்றில் நின்றும் நடந்தும் குந்தியும் நடைபெறுகிறது. இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, நீருக்குள் தாழ்ந்து இறாலைக் கையால் தடவி எடுக்கின்றனர்; வலையைப் பழுது பார்ப்பதும் மீனைத் தரம் பிரிப்பதும் தரையில் அமர்ந்தே நிகழ்கின்றன. நடப்பதற்கு முழங்கால் ஏறக்குறைய 60 முதல் 70 பாகை மடங்கினால் போதும். முழுமையாகக் குந்துவதற்கோ 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். ஆகவே நாற்காலியில் அமர முடிவதைக் குணமடைந்ததன் அளவாகக் கொள்வது இம்மக்களுக்குப் பொருந்தாது.

சேறு பாதத்தை இறுகப் பிடித்திருக்க உடல் மட்டும் திரும்பும்போது, தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே மெத்தைபோல் அமைந்த பிறைவடிவக் குருத்தெலும்பு கிழியக்கூடும். பேச்சுவழக்கில் இது 'ஜவ்வு கிழிதல்' எனப்படும். காயத்தால் மூட்டில் நீர் கோக்கும்போது தொடையின் முன்தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டல் குறைவதால் அத்தசை விரைவில் மெலிகிறது. மூட்டை அசைக்காமலே வைத்திருந்தால் அதைச் சூழ்ந்த உறை சுருங்கி விறைப்பு நிலைத்துவிடும்.

முதலில் மீட்கப்பட வேண்டியது மடக்கம் அன்று, முழு நீட்டம்; சிறிதளவு நீட்டம் குறைந்தாலும் நடை நொண்டலாகிவிடும். இதற்காகக் குதிகாலின் அடியில் சுருட்டிய துணியை வைத்துக் காலை நீட்டி, தொடைத் தசையைச் சில நொடிகள் இறுக்கித் தளர்த்துவர். பின்னர் குதிகாலைத் தரையோடு இழுத்து முழங்காலை மடக்கும் பயிற்சியும், வலி அனுமதிக்கும் அளவில் உயரமான இருக்கையிலிருந்து தாழ்ந்த மணைவரை படிப்படியாக இறங்கி அமரும் பயிற்சியும் இடம்பெறும். குருத்தெலும்பு தைக்கப்பட்டிருந்தால், தொடக்கத்தில் 4 முதல் 6 வாரங்கள் 90 பாகைக்கு மேல் மடக்கவும், அதன் பின்னும் சில மாதங்கள் பாரத்துடன் ஆழமாகக் குந்தவும் மருத்துவர்கள் பொதுவாகத் தடைவிதிப்பதால், இவ்வரிசையை அறுவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

இடுப்பளவு நீர் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைத் தாங்குவதால் நீரில் நடப்பது நல்ல பயிற்சியே. எனினும் ஏரிச்சேறு காயத்துக்குக் காரணமான அதே முறுக்கத்தை மீண்டும் உண்டாக்கக்கூடும், ஆறாத தையல் வழியே உவர்நீர்க் கிருமிகளும் புகலாம். தமிழகத்தின் வடமாவட்டங்களில் பெயர்பெற்ற புத்தூர்க் கட்டு என்னும் மரபுவழிக் கட்டும் எலும்பு முறிவுக்கே உரியது. ஜவ்வுக் கிழிவுக்கு வாரக்கணக்கில் கட்டிவைப்பது விறைப்பையே கூட்டும்.

நாள் வருவாயை நம்பிய குடும்பங்களுக்கு நெடிய ஓய்வும் தொலைதூரச் சிகிச்சையும் எளிதல்ல. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வரும் இயன்முறை மருத்துவம் சேர்க்கப்பட்டிருப்பது இதனாலேயே மிகவும் மதிக்கத்தக்கது. வீட்டிலேயே பயிற்சி செய்தாலும், முழங்கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடேறினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.