தூம்பும் கலிங்கும்: தரவோடைக்கு வரம்பு வந்த வரலாறு

பெங்களூருவுக்கும் ஒசூருக்கும் இடைப்பட்ட ஆனேக்கல் வட்டம் ஏரிகளின் நிலம். முத்தநல்லூர், ஹெப்பகோடி, சந்தாபுரா என ஊர்ப்பெயர் சொன்னால் ஏரியும் உடன் நினைவுக்கு வரும். மேலேரி நிறைந்து வழியும் நீர் கீழேரிக்குச் சென்று சேரும் சங்கிலி அமைப்பு இது. ஒவ்வோர் ஏரிக்கரையிலும் இரண்டு உறுப்புகள் இன்றியமையாதவை. ஒன்று, வயலுக்கு நீரை அளந்துவிடும் தூம்பு. கன்னடர் இதனைத் தூபு என்பர். மற்றொன்று, மிகை நீரைக் கரைக்குச் சேதமின்றி வெளியேற்றும் கலிங்கு; கன்னடத்தில் இது கோடி. தூம்பு பங்கீட்டின் கருவி. கலிங்கு காப்பின் கருவி. கலிங்கில்லாத ஏரி ஒரு பெருமழையில் உடையும். உடைந்த வெள்ளம் கீழேரிகளின் கரைகளையும் தாக்கும்.

ஆனேக்கல் நகருக்கு வடக்கே, ஒசூர்ச் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டி அமைந்திருக்கிறது. அங்குள்ள அலுவலகங்களில் பணிபுரிவோர் நாள்தோறும் கையாள்வது வேறொரு நீரோட்டத்தை. அதன் பெயர் தரவோடை. வாடகை வண்டி தன் இருப்பிடத்தை அறிவிக்கும்போதும், தேநீர்க் கடையில் செல்பேசி வழியாகப் பணம் செலுத்தப்படும்போதும் ஒரு சிறு செய்தி பிறக்கிறது. இவ்வாறு கோடிக்கணக்கில் இடையறாது வரும் செய்திகளை வாங்கி, வரிசை குலையாமல் வைத்திருந்து, வேண்டும் நிரல்களுக்கு வழங்குவதே தரவோடைச் சேவை. அதனைக் கிளவுட் நிறுவனங்கள் வாடகைக்கு விடுகின்றன. வாடகைக்கு எடுப்போர் முதலில் எதிர்கொள்வது வரம்புகளின் பட்டியலை: நொடிக்கு இவ்வளவு எழுதலாம், இவ்வளவு படிக்கலாம், இத்தனை நாள் வைத்திருக்கலாம். இவ்வரம்புகளைப் பலர் வணிகத் தந்திரம் என எண்ணுகின்றனர். இவற்றின் வரலாறோ நூறாண்டுக்கும் மேற்பட்டது. அது தொலைபேசியில் தொடங்குகிறது.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் அக்னர் கிராருப் எர்லாங், 1909இலும் 1917இலும் வெளியிட்ட கட்டுரைகளில் ஓர் எளிய வினாவை ஆராய்ந்தார். ஆயிரம் பேர் பேச விரும்பும் ஊரில் எத்தனை தடங்கள் இருந்தால் போதும்? ஆளுக்கொரு தடம் அமைப்பது இயலாது. எனவே தடங்கள் நிறைந்த வேளையில் வருகின்ற அழைப்பை என்ன செய்வது என்பதை முன்னரே முடிவு செய்தாக வேண்டும். அதற்கு இரண்டே வழிகளை அவர் கணித்தார்: அழைப்பைத் திருப்பி அனுப்பலாம், அல்லது வரிசையில் காத்திருக்கச் செய்யலாம். இரண்டுக்கும் தனித்தனிச் சூத்திரங்கள் தந்தார். பின்னாளில் தகவல் போக்குவரத்தின் அளவுக்கே எர்லாங் என்பது அலகாயிற்று.

நம் நாட்டில் இரண்டாவது வழியை அனுபவித்தவர்கள் இன்றும் உள்ளனர். டிரங்க் கால் பதிவு செய்து மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. சாதாரணம், அவசரம், மின்னல் என அழைப்புகளுக்குத் தரவரிசை இருந்தது. கூடுதல் கட்டணம் செலுத்தியவர் முன்னே சென்றார். பங்கீட்டில் முன்னுரிமை என்னும் கருத்து பொதுமக்களுக்குக் கண்கூடாகத் தெரிந்த இடம் அதுவே.

தொலைபேசி எண்முறைக்கு மாறியபோது ஓர் அடிப்படை அலகு பிறந்தது. மனிதக் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளால் குறித்தால் நொடிக்கு 64,000 பிட்டுகள் ஆகும். இந்த 64 கிலோபிட் தடமே பின்னர்த் தரவுக்கும் குத்தகைக்கு விடப்பட்டது. 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருவில் தன் மையத்தைத் தொடங்கிச் செயற்கைக்கோள் வழியாகத் தாய் நிறுவனத்தோடு இணைந்தது. சொந்த நிலையம் அமைக்க வசதியற்ற சிறு நிறுவனங்களுக்கு, 1991இல் உருவான இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு வழி செய்தது. எலக்ட்ரானிக் சிட்டியில் அமைந்த அதன் நிலையத்திலிருந்து பல நிறுவனங்கள் இணைப்பைப் பெற்றன. ஒரே வானலையைப் பலர் பங்கிட்டுக்கொண்ட அந்த ஏற்பாட்டில் இப்பகுதியின் மென்பொருள் தொழில் வேரூன்றியது. வரம்புக்குள் வாழக் கற்றதே அதன் முதற்பாடம் எனலாம்.

இனித் தரவோடைக்கு வருவோம். லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், புனேயைச் சேர்ந்த நேஹா நார்கடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கிய காஃப்கா என்னும் மென்பொருள் 2011இல் பொதுவெளிக்கு வந்தது. அமேசானின் கினிசிஸ் சேவை 2013இல் அறிவிக்கப்பட்டது. எர்லாங் கணித்த இரு வழிகளையும் இவ்விரண்டும் பகிர்ந்துகொண்டன என்பது வியப்புக்குரியது.

கினிசிஸின் அலகு ஷார்டு எனப்படும். ஒரு ஷார்டில் நொடிக்கு 1 மெகாபைட் அல்லது 1,000 பதிவுகள் எழுதலாம். 2 மெகாபைட் படிக்கலாம். பழைய 64 கிலோபிட் தடங்கள் ஏறத்தாழ 125 சேர்ந்தால்தான் ஒரு ஷார்டின் எழுதுதிறன் வரும். எல்லை மீறிய பதிவைக் கினிசிஸ் ஏற்காது திருப்பி அனுப்பிவிடும். மீண்டும் முயல்வது அனுப்பியவர் பொறுப்பு. காஃப்காவிலோ 2015இல் வெளிவந்த 0.9 பதிப்பில் பயனருக்கான ஒதுக்கீட்டு வரம்பு புகுந்தது. வரம்பு மீறியவரின் செய்தியை அது மறுப்பதில்லை, மறுமொழியைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் கண்டு அனுப்புபவரின் வேகமும் தானே குறைகிறது. ஒன்று கதவடைப்பு, மற்றொன்று காத்திருப்பு. ஒருவரது பேராசை அடுத்தவரின் வாய்க்காலை வற்றச் செய்யக்கூடாது என்பதே இரண்டின் நோக்கமும்.

இவை அறிவிக்கப்பட்ட வரம்புகள். அறிவிக்கப்படாத வரம்பு என்ன செய்யும் என்பதை 2020 நவம்பர் 25 காட்டியது. அன்று அமெரிக்காவின் வடவர்ஜீனியா வட்டாரத்தில் கினிசிஸுக்குச் சில புதிய கணினிகள் சேர்க்கப்பட்டன. அச்சேவையின் முகப்புக் கணினி ஒவ்வொன்றும் ஏனைய முகப்புக் கணினிகள் அனைத்துடனும் பேச, கணினி ஒன்றுக்கு ஓர் இழை வீதம் வைத்திருந்தது. எனவே புதிய கணினி ஒன்று சேர்ந்தால் எல்லாக் கணினிகளிலும் இழை கூடும். இழைகளின் எண்ணிக்கைக்கு இயங்குதளம் ஓர் உச்சவரம்பு வகுத்திருந்தது. அன்று அது மீறப்பட்டது. திறனைக் கூட்டச் செய்த செயலே திறனை முடக்கியது.

இந்திய நேரப்படி மாலை 6:45க்கு எச்சரிக்கை ஒலித்தது. சேவை முழுமையாக மீண்டபோது மறுநாள் நண்பகல் நெருங்கிவிட்டது. கினிசிஸை நம்பியிருந்த காக்னிட்டோ என்னும் பயனர் நுழைவுச் சேவையும் கிளவுட்வாட்ச் என்னும் கண்காணிப்புச் சேவையும் தடுமாறின. சேவையின் நிலையை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியும் காக்னிட்டோவைச் சார்ந்திருந்தது. ஆதலால் இடர் நேர்ந்த செய்தியும் தாமதமாகவே வெளிவந்தது. ஏரி உடைந்ததைச் சொல்லப் பறையெடுத்தால், பறையும் வெள்ளத்தில் போனாற்போல.

இவ்விடர் தொலைநாட்டுக்கே உரியது என்றிருக்க வேண்டா. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் நாட்டின் யுபிஐ பணப்பரிமாற்றம் சிலமுறை தடைப்பட்டது. பரிமாற்றம் நிறைவேறியதா என்று வங்கிகள் மீண்டும் மீண்டும் கேட்ட வினாக்களின் வெள்ளம் ஏப்ரல் 12 அன்றைய தடைக்குக் காரணமாயிற்று. அதன் பின்னர், ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறைக்கு மேல் கணக்கிருப்பைப் பார்க்க இயலாது என்பது உள்ளிட்ட வரம்புகளைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சில்லறைக் கடைக்காரரின் அன்றாட வருவாய் இத்தகைய வரம்புகளைச் சார்ந்திருக்கிறது.

இங்கே ஏரிக்குத் திரும்புவோம். ஆனேக்கல் பகுதியில் நீரைப் பங்கிட்டவர் நீரகண்டி. தமிழ்நாட்டில் அவரை நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்பர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பது அவருக்கு மட்டுமன்றி ஊருக்கே தெரியும். தெரிந்ததனால்தான் அதைப் பற்றி வழக்காடவும் முடிந்தது. அம்முறையில் மேல்கீழ் வேறுபாடுகளும் அநீதிகளும் இருந்தன என்பதை மறைக்கலாகாது. எனினும், அளவு மறைபொருளாக இருக்கவில்லை.

வரம்பு குறித்து நாம் கேட்க வேண்டிய வினா அது உண்டா இல்லையா என்பதன்று; எல்லையற்ற ஏரி எங்கும் இல்லை. அதை வகுப்பவர் யார், அது மீறப்படும்போது நிகழ்வது யாது, அதன் அளவு பயன்படுத்துவோர்க்குத் தெரியுமா என்பனவே வினாக்கள். ஆனேக்கல் ஏரிகளில் முறைநீர்ப் பங்கீட்டைக் கண்ட முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்கள் வழங்கிய அளவைச் சொற்களை எழுதியனுப்புக. தரவுக்குக் கரை கட்டும் இத்தலைமுறைக்கு அச்சொற்கள் தேவைப்படும்.