பிரிட்டன் தேசிய சுகாதார சேவை: செலவுக் கணக்கின் வரலாறு

நோயாளியிடம் காசு வாங்காமல், பெரும்பாலும் பொது வரிப்பணத்தைக் கொண்டே எல்லோருக்கும் மருத்துவம் பார்க்கும் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. வரிப்பணத்தில் இது கட்டுபடியாகுமா என்ற கேள்வியும் அன்றே கூடப் பிறந்தது.

வேல்ஸின் சுரங்க ஊரான ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைப் பொது நிதியில் போட்டு, தங்கள் குடும்பங்களுக்கு மருத்துவ வசதி ஏற்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவ்வூரில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன் 1945இல் சுகாதார அமைச்சரானார். ஊர் செய்ததை நாடு முழுவதும் செய்யத் துணிந்தார்.

இத்தகைய சேவைக்கு ஆண்டுக்கு 17 கோடி பவுண்டு போதும் என்று 1942இல் சமூகக் காப்பீடு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை மதிப்பிட்டிருந்தது. மக்கள் ஆரோக்கியம் பெற்றால் செலவு அடங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. அதுவரை ஏழைகள் கடையில் குவிந்துகிடக்கும் மூக்குக்கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஓரளவு கண் தெரிந்ததை வாங்கிப்போனார்கள். இலவசம் என்றதும் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கூட்டம் அலைமோதியது. இதை ஊதாரித்தனம் என்பது நியாயமல்ல. பல்லாண்டுகளாக அடக்கிவைத்த தேவை அது.

1951இல் கொரியப் போர்ச் செலவு நெருக்கியபோது, நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் பாதி விலை வசூலிக்க முடிவெடுத்தார். அதை எதிர்த்துப் பெவன் பதவி விலகினார். மறு ஆண்டு சர்ச்சில் அரசு மருந்துச்சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது.

பணம் விரயமாகிறதா என்று ஆராய, 1953இல் பொருளியலாளர் கில்லெபோ தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1956இல் வந்த அதன் அறிக்கை குறைகூறியவர்களின் வாயை அடைத்தது: தேசிய உற்பத்தியில் இச்சேவையின் பங்கு 3.75 விழுக்காட்டிலிருந்து 3.25ஆகக் குறைந்திருந்தது.

மருந்துக் கட்டணம் 1965இல் நீங்கி, 1968இல் திரும்பியது. இன்று இங்கிலாந்தில் மட்டும் நீடிக்கிறது.

2002இல் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் சுகாதாரத்துக்காகத் தேசியக் காப்பீட்டுச் சந்தாவை உயர்த்தினார். முதுமையும் புதிய மருந்துகளும் செலவை ஏற்றிக்கொண்டே இருக்கின்றன; 2022இல் இங்கிலாந்தின் சிகிச்சைக் காத்திருப்புப் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. இந்தக் குறை கடுமையானது, மறைக்க முடியாதது.

ஆனால் வரிச்சுமையை மட்டும் பார்ப்பவர்கள் அமெரிக்காவையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 11 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. அமெரிக்கா சுமார் 17 விழுக்காட்டைச் செலவிட்டும், அங்கே இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோருக்குக் காப்பீடே இல்லை.