புக்கானன் தோராச் சுருள்

கொச்சிப் பகுதியின் மலபார் யூதர்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன் (1766–1815) பெற்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோன எபிரேயத் தோல்சுருள். இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. சிவப்புச் சாயமேற்றிய 37 தோல்களைத் தைத்துச் செய்தது; நீளம் 48 அடி. மோசேயின் ஐந்து ஆகமங்களில் லேவியராகமமும் உபாகமத்தின் பெரும்பகுதியும் இதில் இல்லை.

ஐரோப்பியப் பிரதிகளோடு தொடர்பற்றதாகக் கருதப்பட்ட இந்தச் சுருளை அச்சிட்ட எபிரேய மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, தாமஸ் யேட்ஸ் 1812இல் முடிவை வெளியிட்டார். கிடைத்த வேறுபாடுகள் அற்பமானவை. பொருளை மாற்றுபவை அல்ல.

கைமாறிய விதந்தான் இன்றும் உறுத்துகிறது. நைந்துபோன திருமறைச் சுருளைக் குப்பையில் எறியாமல் மண்ணில் புதைப்பது யூதர் வழக்கம். ஆனால் தான் அவற்றை இனாமாக எதிர்பார்க்கவில்லை என்று யூதர்களுக்குத் தெரிந்த பிறகே பழைய பிரதிகள் வெளிவந்தன என்று புக்கானன் எழுதுகிறார். இது வாங்கியவரின் கூற்று. கொடுத்தவர் தரப்பு அதில் இல்லை. கம்பெனியின் செல்வாக்கு ஓங்கியிருந்த 1806–08 ஆண்டுகளில் ஒரு சிறு சமூகம் எவ்வளவு தாராளமாக மறுத்திருக்க முடியும்?

எதைச் சேகரித்தார்களோ அதுவே ‘யூத இலக்கியம்’ ஆனது இன்னொரு சிக்கல். கொச்சி யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாடல்கள் வெகுகாலம் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. ஸ்கரியா சக்கரியாவும் ஒபிரா கம்லியேலும் தொகுத்த அப்பாடல்களின் நூலான ‘கார்குழலி’ 2005இல்தான் எருசலேமில் வெளிவந்தது.