சிவப்புச் சொட்டின் பூர்வீகம்

பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் அடியில், சிமெண்டுத் தரையில், ஒரு சிவப்புச் சொட்டு. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் எண்ணெய், அதாவது ஏ.டி.எஃப். அந்தச் சிவப்பு எண்ணெயின் சொந்த நிறம் கிடையாது, சாயம்தான். அந்தச் சாயம் உராய்வையும் குறைக்காது, சூட்டையும் தணிக்காது. என்ஜின் ஆயிலோடு இதைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கவும், ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று பார்த்தவுடன் தெரியவும்தான் அதைக் கலந்தார்கள்.

நம்ம ஊரில் அம்பாசிடரும் பத்மினியும் கையால் கியர் போடும் வண்டிகள். அதனால் இந்தச் சிவப்பு எண்ணெயை நம்மில் பலர் முதன்முதலில் பவர் ஸ்டீயரிங் டப்பாவில்தான் பார்த்திருப்போம். நான் பழைய சர்வீஸ் மேனுவல்களைப் புரட்ட ஆரம்பித்தது வேறு எதற்கோ. ஆனால் கசிவு பற்றிய பக்கங்களில் மாட்டிக்கொண்டேன். ஒரு கிளாசிக் கார் எங்கே ஒழுகுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, அது எந்த வருடத்து வண்டி, அப்போது அதற்குள் என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். டார்ச் லைட் அதற்கப்புறம்தான்.

கதை 1939இல் தொடங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக் என்ற கியர் பாக்ஸை அறிவித்தது. அதன் பின்னால் இருந்த பொறியாளர் எர்ல் தாம்சன். கியர் மாற்றும்போது கரகரவென்று பல் உரசாமல் இருக்கும் சின்க்ரோமெஷ் ஏற்பாட்டை அதற்கு முன்பே கேடிலாக்குக்குக் கொண்டுவந்தவரும் இவரே. கையால் கியர் போடுவதைச் சுலபமாக்கிய மனிதரே அந்த வேலையைக் கையிலிருந்து பிடுங்கவும் செய்தார்!

இந்தப் பெட்டிக்குள் எண்ணெய்க்குக் கடுமையான வேலை. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்த வேண்டும். அழுத்தமாக வால்வுகளுக்குள் ஓடி, எப்போது எந்தக் கியர் என்ற முடிவைச் செயல்படுத்த வேண்டும். பல்சக்கரங்களுக்கு மசகாகவும் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதாகவும் இருக்க வேண்டும். இதெல்லாம் போக, கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கும் நொடியில் வண்டி குலுங்காமல், வழுக்கவும் வழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரப்பர் சீல்களைச் சற்றே உப்பவைத்து, மென்மையாகவும் வைத்திருக்க வேண்டும். கசிவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இந்தக் கடைசி வேலை. எண்ணெய் மாறினால் சீலின் நடத்தையும் மாறும்.

1949இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'டைப் ஏ' என்ற தரக்குறிப்பை வெளியிட்டது. இனி எந்த எண்ணெய் நிறுவனமும் அந்தத் தரத்தில் தயாரித்து விற்கலாம். ஆர்மர் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்துத் தேறிய எண்ணெயின் டப்பாவில் ஒரு தகுதி எண் இருக்கும். 1957இல் திருத்திய வடிவம் வந்தது. 1967இல் டெக்ஸ்ரான் வந்தது.

அந்தக் காலத்து எண்ணெயில் கிளட்ச் பிடிப்பை மென்மையாக்கச் சேர்த்த பொருள் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். வேதியியல்படி பார்த்தால் அது எண்ணெய் என்பதைவிடத் திரவ மெழுகு என்பதே சரி. அதிக சூட்டிலும் சீக்கிரம் கெடாது, உலோகத்தில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஈடான பொருள் அப்போது மலிவாகக் கிடைக்கவில்லை. 1960களில் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 20,000க்கும் மேற்பட்ட ஸ்பெர்ம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. அத்தனையும் கியர் பாக்ஸுக்காக என்று சொல்ல முடியாது. தோல் பதனிடுவதிலிருந்து பலவகை இயந்திர மசகுகள்வரை அதற்குத் தேவை இருந்தது. ஆனாலும், குரோமியம் பளபளக்கும் அந்த வண்டிகளைப் பார்த்து 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று ஏங்குகிறவர்கள் ஒரு நிமிஷம் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

1970இல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. 1972இல் கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டமும், 1973இல் அழியும் உயிரினங்களுக்கான சட்டமும் வந்தன. திமிங்கல எண்ணெய் இல்லாத டெக்ஸ்ரான் 2 கடைக்கு வந்தது. இங்கேதான் கசிவின் சரித்திரத்தில் ஒரு புது அத்தியாயம். இந்தக் கார்களில் ஏ.டி.எஃப். குளிர்வதற்காக ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் குழாய்க்குள் போய்த் திரும்பும். புது எண்ணெயின் முதல் வடிவங்களில் ஒன்று அந்தக் குழாயின் பித்தளையையும் ஈயப் பற்றவைப்பையும் அரித்தது. பிறகு அரிப்பைத் தடுக்கும் சேர்மானத்தோடு அடுத்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் குழாய் உள்ளே ஓட்டையானால் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ரோஸ்மில்க் நிறத்தில் நுரை தெரியும். கியர் பாக்ஸ் டிப்ஸ்டிக்கிலும் அதே நுரை இருந்தால், கூலன்ட் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அது கிளட்ச் தட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கத் தொடங்கிவிடும். அந்த வண்டியை அதற்குமேல் ஒரு மைல்கூட ஓட்டக் கூடாது.

சொட்டே விழாமல் எண்ணெய் மாயமாகும் இன்னொரு வழியும் உண்டு. 1964இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400, பிறகு வந்த 350, ஃபோர்டின் சி4 போன்ற பெட்டிகளில் வாக்குவம் மாடுலேட்டர் என்று ஒரு தகர டப்பி இருக்கும். என்ஜின் இழுக்கும் காற்றின் வெற்றிடத்தை வைத்து அது சுமையை அளக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் என்ஜின் ஏ.டி.எஃப்.ஐ உறிஞ்சிக் குடித்துவிடும். புகைபோக்கியில் வெள்ளைப் புகை வரும், அளவு குறைந்துகொண்டே போகும், தரையோ சுத்தமாக இருக்கும். மாடுலேட்டரின் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக ஈரம் இருந்தால் சவ்வு போயிற்று. என்ஜின் ரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லி என்ஜினைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஐந்து நிமிஷம் ஆகும்.

அடியில் இருப்பது எந்தப் பெட்டி என்பதையே முதலில் உறுதி செய்ய வேண்டும். இதற்கு 1953 மாடல் கார்கள் நல்ல உதாரணம். அந்த வருடம் ஆகஸ்ட் 12இல் மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலை எரிந்துபோனது. வெட்டும் டார்ச்சிலிருந்து தெறித்த பொறி, கன்வேயரின் கீழே துரு தடுக்கும் திரவம் சொட்டித் தேங்கும் தட்டில் விழுந்ததுதான் தொடக்கம். தொழிலாளர்கள் இறந்தார்கள். சொட்டைப் பிடிக்க வைத்த தட்டிலிருந்தே தீ பிடித்தது என்பதைப் படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. கியர் பாக்ஸ் இல்லாமல் கார் உற்பத்தி நின்றது. சில கேடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்கு ப்யூக்கின் டைனாஃப்ளோவையும், சில பான்டியாக்குகளுக்கு ஷெவர்லேயின் பவர்கிளைடையும் மாட்டி அனுப்பினார்கள். உற்பத்தி பிறகு வில்லோ ரன்னுக்கு மாறியது. ஆகவே 1953 கேடிலாக் என்றால் ஹைட்ராமேட்டிக்தான் என்று நினைத்து சீல் வாங்கினால், அது பொருந்தாமல் போகலாம்.

சரி, கண்ணுக்குத் தெரிகிற கசிவுக்கு வருவோம். அடிப்பகுதியை நன்றாகக் கழுவிக் காய வைக்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். அதனால் சொட்டு விழுகிற இடம் ஊற்றுக்கண் ஆகாது. ஈரம் இருப்பதிலேயே உயரமான, முன்பக்கமான இடம்தான் ஊற்றுக்கண். கழுவிய பிறகு முகப் பவுடரைத் தூவி ஒரு சுற்று ஓட்டி வந்தால் தடம் அழகாகத் தெரியும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வருடக்கணக்கில் மாற்றாத ஏ.டி.எஃப். பழுப்பாகி என்ஜின் ஆயில் போலவே இருக்கும். முன்பக்கம் சொட்டும் சிவப்பு பவர் ஸ்டீயரிங்கினதாகவும் இருக்கலாம்.

அதிகச் செலவு வைக்கும் குழப்பம், என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில். என்ஜினின் பின் சீலும் கியர் பாக்ஸின் முன் பம்ப் சீலும் ஒரே இடத்தில்தான் சொட்டும். ஃபிளெக்ஸ் பிளேட்டின் என்ஜின் பக்கம் நனைந்திருந்தால் என்ஜின் ஆயில். டார்க் கன்வெர்ட்டரின் பின்புறமும் ஹவுசிங்கின் உட்சுவரும் நனைந்திருந்தால் பம்ப் சீல். பம்ப் சீலை மாற்றும்போது உள்ளே இருக்கும் புஷ்ஷையும் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் புது சீலும் சீக்கிரமே ஒழுகும். பின்பக்க வால் சீலுக்கும் இதே கதைதான்.

மற்றவை எல்லாம் சில்லறைச் சமாசாரங்கள்: ஸ்பீடோமீட்டர் கேபிளின் ஓ ரிங், 400இல் பக்கவாட்டில் இருக்கும் மின் இணைப்பின் ஓ ரிங், டிப்ஸ்டிக் குழாயின் அடிப்பகுதி. ஆயில் சேம்பரின் பேக்கிங்குக்கு மட்டும் ஒரு வார்த்தை. கார்க் பேக்கிங் ஒழுகினால் போல்ட்டை இன்னும் இறுக்கு என்றுதான் கை போகும். இறுக்கினால் சேம்பரின் விளிம்பு போல்ட் துளைகளைச் சுற்றி வளைந்து, கசிவு கூடும். கழற்றி, விளிம்பைச் சுத்தியால் தட்டிச் சமமாக்கிவிட்டுத்தான் புதிய பேக்கிங் போட வேண்டும்.

இன்று இந்த வண்டிகள் ஒழுகுவதற்குப் பெரிய காரணமாக எனக்குப் படுவது அவை ஓடாமல் நிற்பது. தினமும் வேலைக்குப் போய்வரச் செய்த கார் இப்போது மாதம் ஒருமுறை வெளியே வருகிறது. டார்க் கன்வெர்ட்டரில் இருக்கும் எண்ணெய் வாரக்கணக்கில் மெல்ல இறங்கிச் சேம்பரை நிரப்புகிறது. ஓடும்போது எண்ணெயே எட்டாத உயரத்தில் இருக்கும் கியர் லீவர் தண்டின் சீலை அது மூழ்கடிக்கிறது. சும்மா நின்று நின்று கெட்டிப்பட்ட ரப்பர் அது, விட்டுவிடுகிறது. 'ஓட்டினா லீக் இல்ல, நிறுத்தினா லீக்' என்று உரிமையாளர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு சீலை மாற்றினால் போதும். பல பெட்டிகளில் பெட்டியை இறக்காமலேயே மாற்றலாம்.

இந்த நிலையில் குளிர்ந்த வண்டியின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து அளவைக் கணக்கிடாதீர்கள், அதிகமாகத்தான் காட்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் சூடான பிறகு பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் பார்க்கில் வைத்து, பழைய கிரைஸ்லர் டார்க்ஃபிளைட்டில் நியூட்ரலில் வைத்து. அந்த டார்க்ஃபிளைட் பார்க்கில் இருக்கும்போது கன்வெர்ட்டருக்கு எண்ணெய் போகாது. அளவு மீறி ஊற்றினால் எண்ணெய் நுரைத்து மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகப் பொங்கி வழியும். நீங்கள் இல்லாத சீலைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மறுபடி நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய அட்டையை விரியுங்கள். முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று அட்டையில் கோடு போட்டு, தேதியையும் எழுதிவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அட்டையை எடுத்து, சொட்டுகளைச் சேம்பரின் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள்.