பி.ஏ., பி.எல். இருக்கு, பி.ஈ., நர்ஸ் ஏன் இல்லை?

மதுரையில பழைய வக்கீல் வீட்டு வாசல்ல பேர்ப்பலகை பார்த்திருப்பீங்க. பேருக்குப் பின்னாடி ‘பி.ஏ., பி.எல்.’னு போட்டிருக்கும். ஹைஸ்கூல் வாத்தியார் வீடுன்னா ‘பி.ஏ., எல்.டி.’. எல்.டி.ங்கிறது அந்தக் காலத்து பி.எட். முதல்ல ஒரு டிகிரி, அதுக்கு மேல ஒண்ணு ரெண்டு வருஷம் தொழில்படிப்பு, அப்புறம் தொழில். சென்னை மாகாணத்துல நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த ஏற்பாடு இருந்திருக்கு. இன்னைக்கும் பி.காம். முடிச்சவர் மூணு வருஷம் எல்.எல்.பி. படிச்சு வக்கீல் ஆகிடுறார்.

நர்ஸிங்ல அந்தக் கதவு இல்லை. (டாக்டர் படிப்புலயும் இல்லைதான். அது வேற எபிசோடு.)

இந்த விஷயத்தை நான் தோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் ஃப்ரெண்ட் ஒருத்தன். பி.ஈ. முடிச்சு ஆறு வருஷமா டெஸ்டிங் வேலை. அப்பாவுக்கு உடம்பு முடியாம போனப்ப ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். ட்ரிப்ஸ் மாத்துறது, படுக்கைப் புண் வராம திருப்பிப் போடுறதுன்னு எல்லாத்தையும் நர்ஸுங்க பக்கத்துல நின்னு பார்த்தான். அப்பா தேறி வீட்டுக்கு வந்ததும் என்கிட்ட, “டேய், நான் நர்ஸ் ஆகணும்னா என்ன படிக்கணும்?”னு கேட்டான். ஏதாவது ஒரு பி.ஜி. இருக்கும்னு நினைச்சுதான் ரெண்டு பேரும் தேடினோம். எம்.எஸ்சி. நர்ஸிங் இருக்கு. ஆனா அதுல சேர ஏற்கெனவே பதிவு பெற்ற நர்ஸா இருக்கணும், பி.எஸ்சி. நர்ஸிங்கோ போஸ்ட் பேசிக்கோ முடிச்சிருக்கணும், ஒரு வருஷ அனுபவமும் வேணும். அதாவது மாடிக்குப் படி இருக்கு, வாசல்தான் ஒண்ணே ஒண்ணு.

இதுல முக்கியமான வார்த்தை ‘பதிவு பெற்ற’. நர்ஸ் வேலை செய்றது வேற, நர்ஸ் பதிவேட்டுல பேர் இருக்கிறது வேற. உலகத்துலயே முதல்ல நர்ஸுகளுக்குன்னு தனிச் சட்டம் போட்டு பதிவேடு தொடங்கின நாடு நியூசிலாந்து, 1901-ல. பிரிட்டன்ல 1919. சென்னை மாகாணத்துல 1926-ல செவிலியர், தாதியர் சட்டம் வந்துச்சு. நம்ம தமிழ்நாடு கவுன்சில் அந்தச் சட்டத்தோட பிள்ளைதான். ஒரு வேடிக்கை என்னன்னா, பிரிட்டன்ல இந்தப் பதிவேட்டை வருஷக்கணக்கா எதிர்த்தவங்கள்ல ஒருத்தர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல நர்ஸுக்கு வேண்டிய குணத்தைப் பரீட்சை வெச்சு அளக்க முடியாதுங்கிறது அவங்க கட்சி.

சரி, வேற டிகிரி படிச்சவங்களை நர்ஸ் ஆக்கலாம்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு? எனக்குக் கிடைச்ச பழைய உதாரணம் போர்க்காலத்துது. 1918, முதல் உலகப் போர். அமெரிக்காவுல நர்ஸ் பத்தலை. நியூயார்க் மாநிலத்துல வாஸர்னு ஒரு பெண்கள் கல்லூரி. அங்க கோடை லீவுல காலேஜ் முடிச்ச பெண்களுக்காக ஒரு முகாம் நடத்தினாங்க. இலக்கியம், வரலாறுன்னு என்னென்னவோ படிச்ச 400 பேருக்கு மேல வந்தாங்க. மூணு மாசம் உடற்கூறு, கிருமியியல், மருந்துன்னு பிழிஞ்சு எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிட்டாங்க. வழக்கமா மூணு வருஷம் ஆகிற பயிற்சி, இவங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு வருஷம்தான். ஏற்கெனவே படிக்கத் தெரிஞ்சவங்களுக்குப் பாடத்தைச் சுருக்கலாம்ங்கிற கணக்கு.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1923-ல, யேல் பல்கலைக்கழகம் ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்துல நர்ஸிங் பள்ளி தொடங்குச்சு. முதல் டீன் ஆனி குட்ரிச். அதுவரைக்கும் நர்ஸிங் ஸ்கூல்னா பெரும்பாலும் ஆஸ்பத்திரியோட சம்பளமில்லா வேலைப்படை. மாணவிகள் படிக்க வந்தாங்களா வார்டு பெருக்க வந்தாங்களான்னே சொல்ல முடியாது. அதை மாத்தணும்னு வந்த பள்ளி இது. 1934-ல இருந்து சேரணும்னாலே ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் கட்டாயம்னு ஆக்கிட்டாங்க. இந்தக் கதையும் நேர்கோட்டுல போகலை. 1956-ல அந்தப் படிப்பை நிறுத்திட்டு, ஏற்கெனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கு மட்டும் முதுகலைன்னு மாறினாங்க. 1974-ல மறுபடி திறந்தாங்க, இந்த முறை நர்ஸிங் படிக்காத பட்டதாரிகளுக்குன்னே தனியா ஒரு மூணு வருஷப் படிப்பு. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, 1971-ல, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கான சுருக்கப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்திருந்துச்சு.

இப்ப அதே வருஷங்கள்ல நம்ம பக்கம் வாங்க. வாஸர் முகாம் நடந்த 1918-ல சென்னையில பெண்களுக்கு ராணி மேரி கல்லூரி வந்து நாலு வருஷம், கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரி வந்து மூணு வருஷம். மதுரையில ஒண்ணுகூட கிடையாது. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினதே 1948-லதான். டிகிரி முடிச்சுட்டு நர்ஸிங் வரலாம்னு சொல்ல, டிகிரி முடிச்ச பொண்ணு எங்க இருந்தா?

மதுரையில நவீன நர்ஸ் வேலை வேரூன்றினது மிஷன் வழியா. அமெரிக்கன் மிஷன் இங்க வந்தது 1834-ல. இன்னைக்குக் கீழவெளி வீதியில இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரி அந்த வழியில வந்ததுதான். அதோட வரலாற்றுல ஹாரியட் பார்க்கர்ங்கிற டாக்டரம்மா பேர் பெருசா வரும், பெண்களுக்கான ஆஸ்பத்திரியைப் பல வருஷம் நடத்தினவங்க. நாடு முழுக்கவே அப்ப நர்ஸா வந்தவங்க பெரும்பாலும் மிஷன் பள்ளியில படிச்ச பொண்ணுங்க, ஆங்கிலோ-இந்தியர்கள், விதவைகள். ‘நல்ல குடும்பத்துப் பொண்ணு’ ராத்திரி டியூட்டி பார்க்கவோ, கண்டவங்க உடம்பைத் தொட்டுத் துடைக்கவோ போகக்கூடாதுன்னு ஊர் சொன்ன காலம். தீட்டுங்கிற சொல்லை வெளிய சொன்னாங்களோ இல்லையோ, உள்ள அதுதான் ஓடுச்சு. ஊர் ஒதுக்கி வெச்ச அந்த வேலையை இவங்க எடுத்துச் செஞ்சாங்க.

விளைவு எவ்வளவு மோசம்னு 1946-ல வந்த போர் கமிட்டி அறிக்கை எண்ணிச் சொல்லுச்சு. சண்டைப் போர் இல்லைங்க, ஜோசப் போர்னு தலைவர் பேரு. இந்தியா முழுக்க நர்ஸுங்க சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒரு நர்ஸ். அப்ப பிரிட்டன்ல 300 பேருக்கு ஒருத்தர். டாக்டர் கணக்கு 6,300 பேருக்கு ஒருத்தர், அதாவது நம்மகிட்ட நர்ஸைவிட டாக்டர்தான் பல மடங்கு அதிகம். தலைகீழ்.

அதே 1946-ல வேலூர் சி.எம்.சி.யிலயும் டெல்லியிலயும் நாட்டோட முதல் பி.எஸ்சி. நர்ஸிங் படிப்புகள் தொடங்குச்சு. அந்தத் தலைமுறைக்கு இருந்த சண்டையே வேற. நர்ஸிங் டிகிரிக்குத் தகுதியான படிப்புன்னு நிரூபிக்கிறதே அவங்களுக்குப் பெரும்பாடு. டிகிரி வெச்சிருக்கிறவங்க நர்ஸிங்குக்கு ஆசைப்பட்டு வருவாங்கன்னு யோசிக்க யாருக்கு நேரம்? அதனால இந்தியா கட்டின பாலம் எல்லாம் நர்ஸுக்கு உள்ளேயே கட்டினது. மூணு வருஷ டிப்ளமா, அதாவது ஜி.என்.எம். முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக். நம்ம பாஷையில லேட்டரல் என்ட்ரி. வெளியில இருந்து உள்ள வர பாலம் இல்லை. வக்கீல் வேலைக்குப் பட்டதாரி வருவார்னு எதிர்பார்த்தாங்க, கட்டினாங்க. இங்க எதிர்பார்க்கவே இல்லைங்கிறதுதான் என் கருத்து.

மதுரை இன்னொரு வழியையும் காட்டுச்சு. 1976-ல டாக்டர் வெங்கடசாமி ரிட்டயர் ஆகிட்டு 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சுத்துவட்டாரக் கிராமங்கள்ல இருந்து பள்ளிப் படிப்பு முடிச்ச பொண்ணுங்களை எடுத்து, ரெண்டு வருஷம் அங்கேயே பயிற்சி கொடுத்தாங்க. அங்க நடக்கிற வேலையில பெரும்பங்கு அவங்க கையிலதான். நோயாளிகள் அவங்களை சிஸ்டர்னுதான் கூப்பிடுறாங்க. ஆனா அந்தப் பயிற்சி அவங்களை நர்ஸ் பதிவேட்டுல சேர்க்காது. கையில திறமை இருக்கு, அந்தப் பயிற்சியை வெச்சு வேற ஊர்ல ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு மனு போட முடியாது.

இப்ப என் ஃப்ரெண்டு கணக்கு. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு பிளஸ் டூவுல உயிரியல் வேணும். அவன் எடுத்தது மேத்ஸ்-கம்ப்யூட்டர் குரூப். பதினஞ்சு வயசுல டிக் அடிச்ச ஒரு கட்டம் இருபத்தெட்டு வயசுல வந்து வழிமறிக்குது. ஜி.என்.எம்.-க்கு இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி அறிவியலுக்கு முன்னுரிமை, மத்த குரூப்பும் வரலாம். ஆனா பதினெட்டு வயசுப் பசங்களோட மூணு வருஷம், முதல்ல இருந்து. உயிரியல் படிச்ச பி.ஈ. ஒருத்தர் பி.எஸ்சி. சேர்ந்தாலும், 2021-ல வந்த செமஸ்டர் பாடத்திட்டத்துல முதல் வருஷத்துல இங்கிலீஷ் இருக்கு, நர்ஸிங் இன்ஃபர்மேட்டிக்ஸ் இருக்கு. டேட்டாபேஸ் எழுதிச் சம்பாதிச்ச ஆள் அதுக்கு மறுபடி இன்டர்னல் எழுதணும்.

குறுக்கு வழி கேட்கிறேன்னு நினைக்காதீங்க. ஐரோப்பிய விதி நர்ஸ் பயிற்சிக்கு 4,600 மணி நேரம் கேட்குது, அதுல பாதியாவது நோயாளி பக்கத்துல. பிரிட்டன்ல பட்டதாரிங்க ரெண்டு வருஷ முதுகலையில நர்ஸா பதிவு பெறுறாங்கன்னா, முன்னாடி படிச்சதையும் செஞ்சதையும் எடைபோட்டுக் கழிக்கிறாங்க. ராஜாஜி ஆஸ்பத்திரி வார்டுல நிக்கிற மணிநேரத்துல எனக்கு ஒரு நிமிஷம்கூட குறைக்க வேண்டாம். இங்கிலீஷ் பேப்பரைக் குறைச்சா போதும்.

வெளிநாடு போய்ப் படிக்கலாம்னு யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. ‘எம்.எஸ்சி. நர்ஸிங்’னு பேர் இருக்கிற எல்லாப் படிப்பும் பதிவுக்கு வழி விடாது. நிறைய படிப்பு ஏற்கெனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கானது. பிரிட்டன்னா ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ங்கிற வார்த்தை இருக்கான்னு பாருங்க. அந்த நாட்டு கவுன்சிலோட அங்கீகாரப் பட்டியல்ல காலேஜ் பேரும் படிப்பு பேரும் சேர்ந்து இருக்கான்னு பாருங்க. ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதெல்லாம் அதுக்கு அப்புறம்.